ஆசீர்வாதம் கண்ணில் படாத நாளில் எதைச் சொல்லித் துதிப்பது?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். "கர்த்தர் செய்த நன்மைகளுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் 'அவர் கொடுத்ததற்காக மட்டும் துதிக்காதே, அவர் யார் என்பதற்காகத் துதி' என்று அடிக்கடி போதிக்கிறார்கள். அப்படித் துதிக்க உட்கார்ந்தால் நீர் பெரியவர், நீர் நல்லவர், நீர் பரிசுத்தர் என்று இரண்டே வரியில் எனக்கு எல்லாம் தீர்ந்துபோகிறது. வேலை போய் வீட்டில் இருக்கும் இந்த நேரத்தில் அந்த இரண்டு வரியும் வாய்வார்த்தையாகத்தான் படுகிறது. இதை எப்படிச் செய்வது? அப்படியானால் ஆசீர்வாதம் கேட்பதே தப்பா?"

நல்ல கேள்வி, நேர்மையான கேள்வியும்கூட. கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு தவறான படத்தை மனதிலிருந்து எடுத்துவிடலாம். இந்தப் போதனையைக் கேட்டுக் கேட்டு நிறையப் பேர் மனதில் ஒரு மாடிப்படி உருவாகிவிட்டது. கீழ்ப்படியில் நன்மைகளுக்கு நன்றி சொல்லும் சாதாரண விசுவாசி, மேல்படியில் நன்மைகளைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் தேவனை மட்டுமே துதிக்கும் முதிர்ந்த விசுவாசி. வேதத்தில் எனக்குத் தெரிந்து இப்படி ஒரு மாடிப்படி இல்லை. 103ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, என் முழு உள்ளமே, அவருடைய பரிசுத்த நாமத்தை ஸ்தோத்திரி" என்று தாவீது தொடங்குகிறார். அவருடைய நாமம், அதாவது அவர் யார் என்பது. சரி, அடுத்த வசனம்? "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." உடனே பட்டியல் வந்துவிடுகிறது: அக்கிரமங்களை மன்னிக்கிறார், நோய்களைக் குணமாக்குகிறார், பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்கிறார். அந்தப் பட்டியலிலிருந்து எட்டாம் வசனத்தில் திரும்பவும் மேலே போகிறார்: "கர்த்தர் உருக்கமும், இரக்கமும், நீடிய சாந்தமும், மிகுந்த கிருபையுமுள்ளவர்." செய்ததையும் செய்தவரையும் தாவீது எங்கேயும் கத்தி வைத்துப் பிரிக்கவில்லை.

பிரிக்கவும் முடியாது. உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், "அன்பானவர், பொறுமையானவர்" என்று ஆரம்பித்து அடுத்த நிமிடமே ஒரு சம்பவத்துக்குப் போய்விடுவீர்கள், காய்ச்சலில் கிடந்த ராத்திரி அவர் தூங்கவே இல்லை என்பது மாதிரி ஏதாவது ஒன்று. அந்தச் சம்பவத்தைச் சொல்வது அன்றைக்குக் கிடைத்த மாத்திரைக்கு நன்றி சொல்ல இல்லை, "அவர் அப்படிப்பட்டவர்" என்று காட்டுவதற்கு. காய்ச்சல் எப்போதோ போய்விட்டது, அம்மா அப்படிப்பட்டவர் என்பது மட்டும் நின்றுவிட்டது. தேவனையும் நாம் இப்படித்தான் அறிகிறோம். அவர் செய்ததை எல்லாம் கழித்துவிட்டு, "வெறும் தேவனை" யோசிக்கப் பார்த்தால் கையில் மிஞ்சுவது பெரியவர், நல்லவர் என்ற நாலு பெயரடைதான். உங்களுக்கு இரண்டு வரியில் தீர்ந்துபோவதற்கு முக்கியமான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பக்திக் குறைவு என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

136ஆம் சங்கீதம் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. மொத்தம் 26 வசனங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பாதி பெரும்பாலும் அவர் செய்த ஏதோ ஒரு காரியம்: வானங்களை உண்டாக்கினது, சிவந்த சமுத்திரத்தைப் பிரித்தது, வனாந்தரத்தில் நடத்தினது, சீகோன், ஓக் என்ற ராஜாக்களை முறியடித்தது. இரண்டாம் பாதி 26 முறையும் ஒன்றே: "அவர் கிருபை என்றுமுள்ளது." செய்கைகள் மாறிக்கொண்டே போகின்றன. அவற்றின் வழியாகத் தெரிகிறவர் மாறவில்லை. அவர் யார் என்பதற்காகத் துதிப்பது என்றால் நடைமுறையில் இதுதான், முதல் பாதியோடு நின்றுவிடாமல் இரண்டாம் பாதிவரை போவது.

அப்படியானால் நன்மைக்காகத் துதிப்பதில் என்னதான் குறை? முதல் பாதியிலேயே நின்றுபோனால்தான் குறை. அது எப்படி இருக்கும் என்று யாத்திராகமம் 15 ஒரே அதிகாரத்தில் காட்டிவிடுகிறது. சமுத்திரத்தைக் கடந்து கரையேறினவுடன் ஜனங்கள் பாடுகிற பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை, "கர்த்தாவே, தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார்?" என்று அவர் யார் என்பதையும் சேர்த்தே பாடுகிறார்கள். மிரியாம் தம்புரு எடுக்கிறாள், பெண்கள் நடனமாடுகிறார்கள். அதற்கப்புறம் மூன்று நாள் வனாந்தரத்தில் நடக்கிறார்கள், தண்ணீர் இல்லை. மாராவில் கிடைத்த தண்ணீரும் கசப்பு. உடனே "என்னத்தைக் குடிப்போம்" என்று மோசேக்கு விரோதமாக முறுமுறுப்பு. மூன்றே நாள்! பாட்டின் வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அது பாதி வழியில் நின்றுபோன பாட்டு. சமுத்திரம் பிளந்த பரவசம் இருந்தவரை பாடினார்கள், சமுத்திரத்தைப் பிளந்தவர் தண்ணீர் இல்லாத இடத்திலும் அதே ஆள்தான் என்பது உள்ளே இறங்கவில்லை. (தாகம் எடுத்தவன் தண்ணீர் கேட்டதில் என்ன தப்பு என்று சிலர் கேட்பார்கள். கேட்டதில் தப்பே இல்லை. மோசேயும் அதே இடத்தில் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார்தானே.) 106ஆம் சங்கீதம் இதே சம்பவத்தைப் பின்னால் திரும்பிப் பார்த்து, அவருடைய துதியைப் பாடினார்கள், ஆனாலும் சீக்கிரமாய் அவருடைய கிரியைகளை மறந்தார்கள் என்கிறது. கவனியுங்கள், குற்றச்சாட்டு அவர் செய்ததை மறந்தார்கள் என்பதுதான். அவர் செய்ததை அளவுக்கு மீறி நினைத்தார்கள் என்று யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை.

இப்போது எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், அன்னாள். பிள்ளையில்லாத பெண், ஆண்டுதோறும் சீலோவுக்குப் போகும்போதெல்லாம் சக்களத்தி பெனின்னாள் குத்திக் காட்டுகிறாள், இவள் சாப்பிடாமல் அழுகிறாள். ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபிக்கும்போது ஆசாரியர் ஏலி, இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறார். பிள்ளை பிறக்கிறது, சாமுவேல். இங்கே ஒரு நன்றிப் பாட்டு வரும் என்று நாம் எதிர்பார்ப்போம், பிரசவம் முடிந்த வீட்டில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. அங்கே பாட்டு இல்லை. 1 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தின் பாட்டு வருவது, பால் மறந்த அந்தச் சின்னப் பிள்ளையை, பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பேன் என்று செய்திருந்த பொருத்தனையின்படி சீலோவில் விட்டுவிட்ட சமயத்தில். அவள் கேட்டு வாங்கின ஆசீர்வாதம் அந்த நேரம் அவள் கையைவிட்டுப் போய்விட்டது, இனி அவள் வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளை கூட வரப்போவதில்லை.

அந்த நேரத்தில் அவள் வாயில் வருவதைப் பாருங்கள். "கர்த்தரைப்போலப் பரிசுத்தமுள்ளவர் இல்லை, உம்மையல்லாமல் வேறொருவரும் இல்லை, எங்கள் தேவனைப்போல ஒரு கன்மலையும் இல்லை." பத்து வசனங்களில் சாமுவேல் என்ற பெயரே கிடையாது. மலடியாயிருந்தவள் பெற்றாள் என்று ஒரு வரி வருகிறது, அதுவும் "எனக்கு" என்று இல்லாமல், சிறியவனைப் புழுதியிலிருந்து எடுக்கிறவர், எளியவனைக் குப்பையிலிருந்து உயர்த்துகிறவர் என்ற நீண்ட வரிசையில் ஒன்றாக. தனக்கு நடந்ததை அவள் மறக்கவில்லை, அதன் வழியாகத்தான் இவர் இப்படிப்பட்டவர் என்று கண்டுகொண்டாள், கண்டுகொண்டபின் தன் கதையை நடுவில் வைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. பிள்ளைமேல் பாசம் இல்லாத கல் மனசுக்காரியும் இல்லை அவள். வருஷா வருஷம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோவாள் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. தாய் மனசும் அப்படியே இருந்தது, துதியும் அப்படியே இருந்தது. உங்களுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் நான் யோபுவைவிட இவளைத்தான் முதலில் காட்டுவேன்.

யோபுவைத் தொடாமல் போகவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்வியை வேதத்தில் நேரடியாகக் கேட்கிறவன் சாத்தான். "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" 7000 ஆடு, 3000 ஒட்டகம், சுற்றிலும் வேலி, அதனால்தான் இந்தப் பக்தி, எடுத்துவிட்டால் தெரிந்துவிடும் என்பது அவன் வாதம். ஒரே நாளில் எல்லாம் போகிறது, பிள்ளைகள் உட்பட. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்கிறார் யோபு. பெரும்பாலான பிரசங்கங்கள் இங்கேயே முடிந்துவிடும். புத்தகமோ 42 அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அதற்கப்புறம் தேவனோடு வழக்காடுகிறார், கேள்விமேல் கேள்வி கேட்கிறார், நண்பர்களோடு சண்டை போடுகிறார்.

கடைசியில் தேவன் பேசும்போது ஏன் இதெல்லாம் நடந்தது என்று ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை, சாத்தானைப் பற்றிப் பேச்சே இல்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய், வரையாடுகள் ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார் என்று நாலு அதிகாரத்துக்குத் தாம் யார் என்பதை மட்டுமே காட்டுகிறார். யோபு சொல்லும் பதில்: "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது." இது 42ஆம் அதிகாரம் ஐந்தாம் வசனம். ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பி வருவது பத்தாம் வசனத்துக்கு மேல். அதாவது இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் இன்னும் தூளிலும் சாம்பலிலும்தான் உட்கார்ந்திருக்கிறார், உடம்பில் புண் அப்படியே இருக்கிறது, இழந்தது ஒன்றும் திரும்பி வரவில்லை. சாத்தானுடைய கேள்விக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். இன்னொன்று, அத்தனை முறையிட்ட யோபுதான் என்னைக்குறித்து நிதானமாகப் பேசினான் என்று தேவன் சொல்கிறார், இறையியல் பேசின நண்பர்களுக்குத்தான் கோபத்தைக் காட்டுகிறார்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், துதி போலியாகப் படுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான். சோகத்தை முழுங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்வதுதான் துதி என்று யாரோ நமக்குப் பழக்கிவிட்டார்கள். சங்கீதப் புத்தகத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. 22ஆம் சங்கீதம் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று தொடங்குகிறது, பகலிலே கூப்பிடுகிறேன் பதில் இல்லை என்கிறது, அந்த மூச்சோடேயே மூன்றாம் வசனத்தில் இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர் என்கிறது. நடுவில் நிலைமை ஒன்றும் சரியாகிவிடவில்லை. பதில் இல்லை என்பதும் உண்மை, நீர் பரிசுத்தர் என்பதும் உண்மை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். 88ஆம் சங்கீதம் இதையும் செய்யாது, ஆரம்பத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுவதோடு சரி, அதற்கப்புறம் ஒரே இருட்டு, நண்பர்கள் எல்லாம் விலகிப்போனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சில நாள் அந்த ஒரு விளிதான் உங்களால் முடிந்த துதி என்றால் அதுவே போதும்.

139ஆம் சங்கீதம் வேறு சொல்கிறதே, என் நாவில் சொல் பிறவாததற்கு முன்னே அதையெல்லாம் நீர் அறிந்திருக்கிறீர் என்று. அவரிடம் நடிக்க முடியாது என்பதே ஒரு துதிப் பொருள்தான். சரி, போலித்தனத்தைப் பற்றி இது போதும்.

இன்னொரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும், இது முந்தினதைவிடச் சூட்சுமமானது. "ஆசீர்வாதத்துக்காகத் துதிக்காதே, தேவனுக்காகத் துதி, அப்படித் துதித்தால் கதவுகள் திறக்கும், கட்டுகள் அறுபடும்" என்று ஒரே மூச்சில் போதிக்கிறவர்கள் உண்டு. முன்வாசலில் அனுப்பிய ஆசீர்வாதத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துக்கொள்கிற வேலை இது. துதி இங்கே ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது. இதற்கு எப்போதும் காட்டப்படும் இரண்டு சம்பவங்கள் யூதாவின் ராஜா யோசபாத்தின் யுத்தமும் பிலிப்பி சிறைச்சாலையும். இரண்டையும் திறந்து வாசித்துப் பாருங்கள். 2 நாளாகமம் 20இல் பாடகர்கள் சேனைக்கு முன்னால் பாடிக்கொண்டு போனது நிஜம். ஆனால் அதற்கு முந்தின நாளே யகாசியேல் என்ற லேவியன் மூலமாகக் கர்த்தர், இந்த யுத்தம் உங்களுடையது அல்ல, என்னுடையது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. வெற்றியை வரவழைப்பதற்காக அவர்கள் பாடவில்லை, வாக்குக் கொடுத்தவரை நம்பினதால் பாடினார்கள்.

பிலிப்பி இன்னும் சுவாரசியம். அப்போஸ்தலர் 16. பவுலையும் சீலாவையும் வஸ்திரங்களைக் கிழித்து அநேக அடி அடித்து, உட்காவலறையில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். முதுகெல்லாம் காயம், காயத்தைக் கழுவினதே பிற்பாடுதான், அந்தச் சிறைக்காரன் கையால். நடுராத்திரியில் ஜெபித்துத் துதித்துப் பாடுகிறார்கள், காவலில் இருந்த மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பூமி அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன, கட்டுகள் கழன்றுபோகின்றன. பாட்டின் நோக்கம் விடுதலை என்றால் இந்த நிமிடம் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடியிருக்க வேண்டும். அவர்கள் ஓடவில்லை. சிறைக்காரன் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துப் பட்டயத்தை உருவும்போது, "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று உள்ளிருந்து பவுலின் சத்தம் வருகிறது. திறந்த கதவுக்காக அவர்கள் பாடவில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

ஜெபம் கேட்கப்படாமல் போனால் என்ன என்பதற்கும் வேதத்தில் தெளிவான வாசகம் உண்டு, தானியேல் 3. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய தேவர்களுக்கு ஆராதனை செய்யமாட்டோம் என்று பொற்சிலையை வணங்காவிட்டால் அக்கினிச் சூளையில் போடுவேன் என்ற ராஜாவிடம் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் சொல்கிறார்கள். ஆபகூக் அத்திமரத்தில் ஆரம்பித்துத் தொழுவத்து மாடுவரை இல்லாதவைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று சொன்னதும் உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்று: இழப்பை யாரும் சின்னதாக்கிக் காட்டவில்லை. சூளை சூளைதான், தொழுவம் காலிதான்.

இனி எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன்.

பெயரடைகளை அடுக்குவதை நிறுத்துங்கள். அவருடைய ஒரே ஒரு தன்மையை எடுத்து அதிலேயே இருங்கள். எதை எடுப்பது என்று திகைத்தால், தேவன் தம்மைப் பற்றித் தாமே சொன்ன இடத்திலிருந்து ஆரம்பிப்பது நல்லது, யாத்திராகமம் 34:6. "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." பொன் கன்றுக்குட்டியை வணங்கின கேவலம் நடந்து முடிந்த பிறகு, உம்முடைய மகிமையைக் காண்பித்தருளும் என்று மோசே கேட்டதற்கு வந்த பதில் இது. மகிமையைக் காட்டு என்றால் மின்னலும் இடியும் வரும் என்று நாம் நினைப்போம், அங்கே கேட்டது அவருடைய குணம். பிற்பாடு வேதம் முழுக்க இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது, மேலே பார்த்த 103:8 இதேதான், 145:8 இதேதான். யோனாவுக்கும் இந்த வரி மனப்பாடம், ஆனால் அவர் அதைப் புகாராகச் சொல்கிறார்! நீர் இப்படி இரக்கமுள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்று, நினிவே பட்டணத்தை அவர் அழிக்காமல் விட்டதற்காகக் கோபப்படுகிறார். தேவன் யார் என்று சரியாகத் தெரிந்திருந்தும் அதற்காகத் துதிக்க முடியாத மனுஷனைப் பார்க்க வேண்டுமென்றால் யோனாவைப் பார்க்கலாம். அவருடைய குணம் நமக்கு வசதியாக இருக்கும்போது மட்டும்தான் நமக்குப் பிடிக்கிறதா என்று அந்த நாலாம் அதிகாரம் கேட்கிறது.

சரி, "நீடிய சாந்தம்" என்பதை எடுத்துக்கொண்டோம் என்று வையுங்கள். வேதத்தில் இது எங்கே தெரிந்தது என்று யோசியுங்கள்: கன்றுக்குட்டி செய்த ஜனத்தை அவர் விட்டுவிடவில்லை, தம்மைவிட்டு ஓடின யோனாவிடம் இரண்டாம் தரம் பேசினார், மறுதலித்த பேதுருவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் உங்கள் வாழ்க்கையில் எங்கே தெரிந்தது? அப்புறம் அவரிடமே பேசுங்கள், சாதாரணமாக, பிரசங்கத் தமிழ் வேண்டாம். "ஆண்டவரே, நான் ஒரு காரியத்தை எத்தனையோ முறை உடைத்தேன், நீர் என்னை ஒதுக்கவில்லை. எனக்கு யாராவது இரண்டு முறை அப்படிச் செய்திருந்தால் அவர் முகத்திலேயே விழித்திருக்க மாட்டேன். நீர் என்னைப்போல இல்லை. நீர் இப்படிப்பட்டவராக இருப்பதற்காக உம்மைத் துதிக்கிறேன், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீர் இப்படியேதான் இருப்பீர்." அந்தக் கடைசிப் பகுதிதான் நீங்கள் தேடுகிற இடம். பாருங்கள், நன்மையிலிருந்துதான் புறப்பட்டோம், வந்து சேர்ந்த இடம் வேறு. இதற்கு ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். ஒரு வாரம் முழுக்க ஒரே தன்மையில் இருந்தாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

எளிதாக வருகிற தன்மைகளிலேயே தங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்பு, இரக்கம், தயவு எல்லாம் நமக்கு லாபமாகத் தெரிகிறவை, அதனால் நம் பாட்டுகளிலும் அவையே நிறைய, "எனக்கு, என்னை" இல்லாமல் ஒரு சரணம் போவது அபூர்வம். பரிசுத்தம் என்ற தன்மையை எடுத்துப் பாருங்கள், அதில் நமக்கு உடனடியாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. உசியா ராஜா மரித்த வருஷத்தில் ஏசாயா அதைக் கண்டபோது சேராபீன்கள் என்ற தேவதூதர்கள் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று ஒருவரையொருவர் நோக்கிக் கூப்பிடுகிறார்கள். ஏசாயாவுக்கு வந்தது ஆனந்தக் கண்ணீர் இல்லை, "ஐயோ! அதமானேன்" என்ற அலறல். எனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியே எழாத ஒரு துதி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஏசாயா 6இல் கொஞ்ச நேரம் இருங்கள், அவருடைய நீதி, அவர் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்ற அவருடைய முழு அதிகாரம், இவைகளிலும். ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

வார்த்தையே வராத நாட்களுக்கு 145ஆம் சங்கீதம். 21 வசனம், எபிரெய அகரவரிசைப்படி அமைந்த துதி, சத்தமாக வாசித்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். "அவருடைய மகத்துவம் ஆராய்ந்து முடியாது" என்று மேலே ஆரம்பித்து, "விழுகிற யாவரையும் தாங்கி" என்று 14ஆம் வசனத்தில் தரைக்கு வந்துவிடும். உணர்ச்சி வருகிறதா என்று நடுவில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

தேவனுக்கு ஏன் இத்தனை புகழ்ச்சி வேண்டும் என்ற சந்தேகம் இடையில் வரும், எல்லோருக்கும் வருகிறதுதான். 50ஆம் சங்கீதத்தில் அவரே பதில் சொல்கிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்." நம் துதியால் அவருக்கு ஒன்றும் கூடுவதில்லை.

பெர்னார்ட் என்று 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு துறவி, கிளேர்வோ மடத்தின் தலைவர், தேவனை நேசிப்பதில் நான்கு நிலைகளைச் சொன்னார். முதலில் மனிதன் தனக்காகத் தன்னையே நேசிக்கிறான், அடுத்துத் தன் நன்மைக்காகத் தேவனை நேசிக்கிறான், மூன்றாவது தேவனைத் தேவனுக்காகவே நேசிக்கிறான், நான்காவது தன்னையும் தேவனுக்காக மட்டுமே நேசிக்கிறான். மாடிப்படி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவரை இழுத்துவருகிறேனே என்று பார்க்காதீர்கள், காரணம் இருக்கிறது. இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாவதற்கு எப்படிப் போவது என்பதற்கு அவர் சொன்ன வழி, கஷ்டம் வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பத் தேவனிடம் ஓடி, உதவி பெற்று, அப்படியே அவர் எவ்வளவு இனியவர் என்று ருசி பார்த்துப் பழகுவதுதான். உதவி கேட்பதை விட்டுவிட்டு யாரும் மூன்றாவதுக்குப் போவதில்லை.

பரலோகத்தில்கூட இது இப்படியேதான் இருக்கிறது. வெளிப்படுத்தல் 4இல் நான்கு ஜீவன்கள் இருந்தவரும் இருக்கிறவரும் வருகிறவருமாகிய கர்த்தர் பரிசுத்தர் என்று இரவும் பகலும் சொல்கின்றன, வெறுமனே அவர் யார் என்பது. அதிகாரம் முடிவதற்குள் மூப்பர்கள் நீர் சகலத்தையும் சிருஷ்டித்தீர் என்கிறார்கள். ஐந்தாம் அதிகாரத்தில் பாட்டு இன்னும் நெருங்கி வந்து, நீர் அடிக்கப்பட்டு உம்முடைய இரத்தத்தினாலே எங்களை மீட்டுக்கொண்டீர் என்று ஆகிறது. கிறிஸ்தவனுக்கு அவர் யார் என்பது கடைசியில் சிலுவையில்தான் தெரிகிறது, அது நமக்குக் கிடைத்த நன்மையும்கூட. நாம் பாவிகளாயிருக்கையில் அவர் மரித்தார் என்று பவுல் எழுதுகிறார், நம் நிலைமை நன்றாக இருந்த ஒரு நாளை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை போன மாதத்தில் தேவன் உங்கள்மேல் எப்படிப்பட்டவராக இருக்கிறார் என்று சம்பளக் கணக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லாததற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக, ஆசீர்வாதம் கேட்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. யோவான் 6இல் அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு கடிந்துகொண்டது உண்மை. ஆனால் அந்த 5000 பேருக்கு அப்பம் கொடுத்ததும் அவர்தான், பசித்தவனைப் பார்த்து அப்பம் உனக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் முதலில் உம்முடைய நாமம், அடுத்து உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம், நாலாவதாக எங்களுக்கு வேண்டிய ஆகாரம். அந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். நாமத்தில் அவசரப்படாமல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேலைக்காகக் கேளுங்கள், எந்த மாதிரி வேலை, எந்த மாதத்துக்குள், வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதுவரை கூச்சப்படாமல் விவரமாகவே கேளுங்கள்.